ஊதா மூன்று, ரோஜா ஒன்று

கப்பல்களைக் காக்க வைப்பது என் வேலை.
கண்ணாடி அறை, இருட்டுத் திரை, பச்சைப் புள்ளிகள்.
பன்னிரண்டு மணி நேரம் வானொலியில்
ஒன்றையே சொல்கிறேன்:
நங்கூரத்தில் நில்லுங்கள்,
துறை காலியானதும் அழைக்கிறோம்.
அவர்களுக்கு வரிசை எண் உண்டு.
நீங்கள் ஆறாவது என்றால்
ஆறாவது, நன்றி என்று திருப்பிச் சொல்வார்கள்.
குரலை வைத்தே நாட்டைச் சொல்லிவிடுவாள்
பக்கத்து இருக்கை ஃபௌசியா.

ரெமிக்கு எண் இல்லை.
சிறுநீரகப் பட்டியலில் இது ஏழாவது வருடம்.
எத்தனையாவது ஆள் என்று கேட்டால்
அப்படிச் சொல்வதற்கில்லை என்கிறார்கள், கனிவாக.
கைபேசியை மட்டும் அணைக்காதீர்கள் என்கிறார்கள்.
அணைப்பதில்லை.
பூசையில் நான் முழங்காலிடும்போது
அதுவும் என்னோடு முழங்காலிடுகிறது.

இந்த ஊரில் கிறிஸ்துமஸ்
நவம்பரிலேயே வந்து இறங்கிவிடும்.
ஆர்ச்சர்ட் சாலை முழுக்க விளக்கு,
பேரங்காடி வாசலில் நுரைப்பனி,
அதில் குதிக்கும் பிள்ளைகளின் ஈரச் செருப்பு.
ஈசூன் ஒன்பதாம் மாடியில்
எங்களுக்கு இன்னும் வரவில்லை.
சாப்பாட்டு மேசையில் வளையம் கட்டியிருக்கிறேன்:
ஊதா மெழுகுவர்த்தி மூன்று.
மூன்றாம் வாரத்து ரோஜா நிறம் கடையில் தீர்ந்துபோக,
பிறந்தநாள் கேக்குக்கு வைக்கிற
சுண்டுவிரல் இளஞ்சிவப்பு ஒன்றை
குத்தி நிறுத்தியிருக்கிறேன்
ரெமி சாப்பிடக் கூடாத உருளைக்கிழங்கில்.

சாரலுக்குச் சன்னல் மூடியாயிற்று.
சுடர் நிற்க வேண்டுமென்றால்
மின்விசிறி நிற்க வேண்டும்.
வியர்வைக்கு ஏது டிசம்பர்?

எதைக் கேட்பது என்பதுதான் பிடிபடவில்லை.
முதல் வருடங்களில் தெளிவாகக் கேட்டேன்:
ஆண்டவரே, அந்த அழைப்பு வரட்டும்.
பிறகு ஒரு மழை இரவு.
விரைவுச்சாலை ஓரம் கவிழ்ந்த மோட்டார் சைக்கிளை
மெல்லக் கடந்தது என் பேருந்து.
தலைக்கவசம் தனியே கிடந்தது.
ஒரு கணம்,
ஒரே ஒரு கணம்,
என் கை பைக்குள் போய்
கைபேசியைத் தொட்டுப் பார்த்தது.

ஓஃபிர் சாலைக் கோயிலில் பாவசங்கீர்த்தனம்.
சாமியார் வெகுநேரம் பேசவில்லை.
எனக்கும் தெரியவில்லையம்மா என்றார் கடைசியில்.
அந்த ஜெபத்தை அதோடு விட்டேன்.
வேறொன்று கிடைக்கவுமில்லை.

இந்தப் புதன், அதிகாலை மூன்றே கால்.
கிழக்கு நங்கூரத் தளத்தில்
இரண்டு நாளாய் நிற்கிற கப்பல் ஒன்று.
இன்னும் பதினெட்டு மணி நேரம், மன்னிக்கவும் என்றேன்.
மழை இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல்
(பிலிப்பீன்ஸ் என்று வாயசைத்தாள் ஃபௌசியா):
பரவாயில்லை மேடம்.
நங்கூரம் பிடித்திருக்கிறது.

நடைமுறைச் சொல்தான். தினமும் பதிவேட்டில் எழுதுவது.
எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் இருந்தேன்.
எவர் கண்ணிலும் படாத ஆழத்தில்
சேற்றைப் பற்றிய ஓர் இரும்பு.
மேலே அலை தன்பாட்டுக்கு
ஆட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் ஞாயிறு.
மகிழ்ச்சி வாரம் என்று பெயர்.
நாலு நிமிஷ மகிழ்ச்சிதான் என்று
கேக் மெழுகுவர்த்தியைப் பார்த்துச் சிரிக்கிறார் ரெமி.
இன்றைய தண்ணீர்க் கணக்கில் மீதி
ஒரு பனிக்கட்டி.
நாக்கில் வைத்துக்கொள்கிறார்.
கடிப்பதில்லை.
கரைவதற்கு விடுகிறார், கண்மூடி,
அவ்வளவு பொறுமையாக
நான் எந்தக் கோயிலிலும் யாரையும் பார்த்ததில்லை.

மேசையில் கைபேசி, கறுத்த முகம்,
அதில் மூன்று சுடர் தலைகீழாய்.
இந்தத் தீவில் எங்கோ
இந்த மழையில் வீடு திரும்பிக்கொண்டிருக்கும்
பெயர் தெரியாத உங்களுக்காக
முதல்முறை வாய் திறந்தேன்:
பத்திரமாய்ப் போய்ச் சேருங்கள்.
வழுக்கும், பார்த்து.
உங்களுக்காக யாரோ விளக்கைப் போட்டு வைத்திருப்பார்கள்.

சொன்னதும் ஏதோ ஒன்று
கீழே, வெகு கீழே,
பிடித்துக்கொண்டது.

இளஞ்சிவப்பு அணைந்து
உருளைக்கிழங்கில் ஒரு துளி மெழுகு.
மின்விசிறியைப் போடு என்று ரெமி சொல்லவில்லை.
நானும் எழுந்திருக்கவில்லை.